ஜெல்தாம்மா

ஜனவரி 9, வியாழன்

டாக்டர் பரமசிவன் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகிவிட்டு, என் முட்டியைப் பற்றி என் மகனிடம் பேச ஆரம்பித்தார். அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தது நான். வியானி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். டாக்டரின் பார்வை என் தலைக்கு மேலாகப் போய் அவனிடம் இறங்கியது.

"டாக்டர், வலி எனக்குத்தான். என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார், குரலை உயர்த்தி. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல் இருக்க வேண்டிய குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். வலது முட்டி அதிக மோசம். ஆபரேஷன் செய்து செயற்கை மூட்டு வைக்கலாம். அல்லது ஸ்டீராய்டு ஊசி போடலாம். இரண்டு மூன்று நாளில் வலி அடங்கும், ஆனால் சில வாரங்கள்தான் நிற்கும். அல்லது ஜெல் ஊசி. அது மூட்டுக்குள் வழுவழுப்பைக் கொடுக்கும், மெதுவாகத்தான் வேலை செய்யும், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

ஆபரேஷன் செய்தால் கோயிலில் முழந்தாளிட முடியுமா என்று கேட்டேன். "பெரும்பாலும் முடியாதும்மா. சேர்ல உக்காந்து கும்பிடுங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார். சாமியைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றேன்.

ஸ்டீராய்டும் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் சொன்னேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், என் கணவர். மூச்சு இளைப்புக்காகக் கடைசி வருடங்களில் அவருக்கு அந்த மருந்தைத்தான் கொடுத்தார்கள். முகம் வீங்கி உருண்டு, பெட்டியில் வைத்தபோது அது அவர் முகமாகவே இல்லை. வேறு யாரோ ஒருவருக்கு முத்தம் கொடுத்து அனுப்பினேன். "எந்த ஊசி வேணும்னாலும் போடுங்க. ஸ்டீராய்டு மட்டும் என் உடம்புல ஏறக்கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கது" என்றேன். டாக்டர் தலையாட்டினார். வியானியும் தலையாட்டினான்.

ஏப்ரல் 28 பேத்தி ரெனிட்டாவின் கல்யாணம். அதற்குள் நான் நடந்தாக வேண்டும். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதாக இருந்தால் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், கோயில் வாசலில் வேடிக்கைப் பொருளாக வந்து நிற்க மாட்டேன் என்று வியானியிடம் திட்டமாகச் சொல்லிவிட்டேன்.

புறப்படும்போது டாக்டர், "சார், நீங்க மட்டும் ஒரு நிமிஷம்" என்று அவனை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. நெடுநேரம் பேசினார்கள். கட்டண விஷயமாக இருக்கும்.

ஜனவரி 18, சனி

ஊசி போட்டாயிற்று.

சேலையை முட்டிக்கு மேல் ஏற்ற வேண்டுமாம். இந்த வயதில் ஒரு அந்நிய ஆணின் முன்னால். கன்னியர் மடத்துப் போர்டிங்கில் குளிக்கும்போதுகூட உள்பாவாடையோடு குளித்து வளர்ந்தவள் நான். நர்ஸ் பாக்கியத்திடம் ஒரு துப்பட்டியைக் குறுக்கே பிடிக்கச் சொன்னேன். "அம்மா, எனக்கு உங்க முட்டிதான் தெரியும், நீங்க தெரிய மாட்டீங்க" என்று டாக்டர் வேடிக்கை பேசினார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஏதோ குத்தியது. ஒரு அழுத்தம். மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

"ஜெல்தானே?" என்று கேட்டேன்.

"ஜெல்தாம்மா" என்றான் வியானி. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் மீன் வாங்கச் சொன்னேன். விளைமீன் நன்றாக இருந்தது. மருமகள் கேரளின் அதையும் மிளகாய்ப் பொடியைக் கொட்டிக் கெடுத்தாள். இருபத்தாறு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சரியான தூக்கம் இல்லை. முகம் சிவந்து, அடுப்பின் முன்னால் நின்றது போல் காந்துகிறது. ஊசியால் இருக்குமோ என்றேன். "எல்லாருக்கும் அப்டித்தான் இருக்குமாம்மா" என்றான் வியானி. கண்ணாடியில் பார்த்து நானே திடுக்கிட்டேன். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

ஜனவரி 20, திங்கள்

தேவனுக்கு ஸ்தோத்திரம். காலையில் கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போய்விட்டேன். சுவரைப் பிடிக்க மறந்துவிட்டேன் என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

ஒரு மாதம் ஆகலாம் என்று சொன்ன ஜெல், இரண்டே நாளில். டாக்டருக்கு என் உடம்பைப் பற்றி என்ன தெரியும்.

ஜனவரி 21, செவ்வாய்

சர்க்கரை 312. என் வாழ்நாளில் இந்த எண்ணைப் பார்த்ததில்லை. கருவி பழுதோ என்று மறுபடி குத்திப் பார்த்தேன். அதேதான்.

காரணம் நேற்றைய புளிக்குழம்பு. வாயில் வைத்ததுமே சந்தேகம் வந்தது. சாப்பாட்டு மேசையில் கேட்டேன்: "கேரளின், குழம்புல வெல்லம் போட்டியா?"

"இல்ல மாமி."

"பொங்கலுக்கு வாங்குன வெல்லம் மிச்சம் இருக்குல்லா. அது எங்க போச்சு?"

"டப்பாவுல இருக்கு மாமி."

"அப்ப என் ரத்தத்துல தானா முளைச்சுதா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். பெண்டாட்டியைச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

ஜனவரி 25, சனி

சர்க்கரை இன்னும் 240. வெல்ல டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

முட்டி பிரமாதம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மெழுகுவர்த்தித் திருநாள். முழந்தாளிட்டேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு. நடுப்பூசை மணி அடித்ததும் என்னையறியாமல் முன்னால் நகர்ந்து, பலகையில் முட்டியை வைத்துவிட்டேன். இரண்டு முட்டியும். முதுகை நேராக வைத்துக்கொண்டேன். போர்டிங்கில் மதர் இம்மாகுலேட் பின்வரிசையில் நடந்து வந்து, குதிகாலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவளின் தோளைக் குடையால் தட்டுவார். அவர் இன்று என்னைத் தட்டியிருக்க மாட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடுவது எனக்குக் கும்பிட்டது போலவே இருந்ததில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருந்தது. இன்றுதான் கும்பிட்டேன்.

பூசை முடிந்ததும் ஹில்டா ஓடி வந்தாள். ஓடி என்றால், அவளுடைய ஓட்டம். என்னோடு போர்டிங்கில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். அவளுக்கும் இரண்டு முட்டியும் போய்விட்டது.

"ஏட்டி லெத்தி, என்னட்டி பண்ணுன? புதுமைல்லா நடந்திருக்கு!"

"ஜெல் ஊசி" என்றேன். கோயிலின் மரியாயின் சேனைச் சங்கத்துப் பெண்கள் ஆறேழு பேர் சுற்றிக்கொண்டார்கள். டாக்டர் பெயர், ஊசியின் பெயர், எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். முப்பது வருடம் ஷிப்பிங் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தவள், ஒரு விஷயத்தைச் சொன்னால் திருத்தமாகச் சொல்வேன். ஸ்டீராய்டு என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்தேன்.

வியானி காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அப்படி என்ன அவசரமோ.

பிப்ரவரி 15, சனி

ரெனிட்டாவுக்குக் கல்யாணச் சேலை எடுத்தோம். கடையில் இருந்த நேரம் முழுக்க நின்றேன். விற்பனைப் பையன் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். அதில் என் கைப்பையை வைத்தேன்.

ரெனிட்டா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "கிரானி, நீங்கதான் என்னைக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்" என்றாள். "அப்பா வேலை அது" என்றேன். ஆனாலும் மனதில் நடந்து பார்த்துக்கொண்டேன்.

ஹில்டாவும் அதே டாக்டரிடம் ஜெல் போட்டுக்கொண்டாளாம்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். முழந்தாளிட்டேன். இந்தத் தவக்காலத்தின் எல்லா வெள்ளியும் சிலுவைப்பாதை செய்வதாக நேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழுந்து. இடையில் உட்காராமல்.

மார்ச் 7, வெள்ளி

பதினான்கு நிலைகளும் செய்தேன். பங்குச்சாமி பார்த்தார்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்பதாம் நிலையில் எழும்போது வலது முட்டிக்குள் ஏதோ உரசியது. ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த இடம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் செய்து முடித்தேன்.

வியானியிடம் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஐந்தாம் நிலை வரை.

மார்ச் 28, வெள்ளி

போகவில்லை. ஊசிக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது வலி அதிகம். முட்டி வீங்கி, சூடாக இருக்கிறது. கழிப்பறையிலிருந்து எழ கேரளினைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் இரண்டு கையையும் என் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினாள்.

மாலையில் ஹில்டாவின் போன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"உன் பேச்சைக் கேட்டு ஊசி போட்டேம்லா, ஒரு பிரயோசனமும் இல்லட்டி. எம்மவன் என்னை ஏசுதான். லெத்தி ஆன்ட்டிக்கு வேலை செஞ்சா உனக்கும் வேலை செய்யணுமான்னு."

"முதல்ல எல்லாருக்கும் முகம் காந்தும். ரெண்டு நாள் பொறுத்தா..."

"எனக்கு ஒண்ணும் காந்தலியே."

"சர்க்கரை ஏறியிருக்குமே?"

"அது எதுக்கு ஏறப் போவுது? உனக்கு இருக்கது போலத்தான எனக்கும் இருக்கு. ஒரு புள்ளிகூட ஏறல. நான் ஊசி போடுதப்ப பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணாடி மாதிரி, முட்டையில வெள்ளைக்கரு இருக்கும்லா, அப்டிக் கெட்டியா இருந்துச்சு. இறங்கவே மாட்டேன்னு டாக்டர் அழுத்தி அழுத்தி ஏத்துனாரு. எனக்கு உயிரே போச்சு."

எனக்கு மூன்று அருள்நிறை மரியேயில் முடிந்துவிட்டது என்றேன்.

"உனக்கு எல்லாமே ஈசிதான்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி.

ஏப்ரல் 3, வியாழன்

இன்னொரு ஊசி போட வேண்டும் என்று வியானியிடம் கேட்டேன். டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, மூன்று மாதம் முடிந்தால்தான் போடலாம், பதினாறாம் தேதி வரச் சொன்னார் என்றான்.

"ஜெல்லுக்கு எதுக்கு மூணு மாசம்?"

"அது அப்டித்தாம்மா."

என் மகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்தால் வலது காது மடலைத் தேய்ப்பான். இன்றும் தேய்த்தான். வெயில் காலம், வியர்க்குரு.

ஏப்ரல் 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய வாரம் என்பதால் ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. பாக்கியம் விடுப்பில் போயிருந்தாள். துப்பட்டி பிடிக்க யாருமில்லை. வியானி, "நான் வேணா பிடிக்கட்டுமா" என்றான். பெற்ற மகன் முன்னால் அது இன்னும் மோசம், நீ கதவுப் பக்கம் நில் என்றேன். டாக்டர் சின்னத் துண்டு ஒன்றைத் தொடைமேல் போட்டார். ஜெபமாலையைக் கைப்பையிலிருந்து எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் தட்டில் இருந்த ஊசிக்குழாயைப் பார்த்தேன்.

பால். தண்ணீர் விட்ட பால் போல வெள்ளை. டாக்டர் அதைக் கையில் எடுத்துக் குலுக்கினார். அடியில் படிந்திருந்த வெள்ளை மேலே எழுந்து கலந்தது.

கையால் முட்டியை மூடிக்கொண்டேன்.

"டாக்டர், இது என்ன மருந்து?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வியானியைப் பார்த்தார்.

அந்தப் பார்வை போதும். மேற்கொண்டு யாரும் எதையும் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நான் கேட்டேன். ஆபீசில் டிக்டேஷன் எடுக்கும்போது மேனேஜர் விழுங்கிவிடும் வார்த்தையைத் திரும்பக் கேட்கும் அதே குரலில் கேட்டேன்.

"ஜனவரியில போட்டதும் இதானா?"

"அம்மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. உங்க முட்டி இருக்க நிலைமைக்கு ஜெல் சரிப்படாதும்மா. சார்கிட்ட அன்னைக்கே விளக்கமா சொல்லிட்டேன். அவர்தான், அம்மாகிட்ட ஜெல்னே சொல்லிருவோம்னு..."

"நான் வேண்டாம்னு சொன்னது உங்க காதுல விழுந்துதா, இல்லையா?"

"விழுந்துதும்மா. ஆனா குடும்பத்துல பேசி முடிவு பண்ணியிருப்பாங்கன்னு..."

குடும்பத்தில் நான் யார் என்று அவரிடம் கேட்கவில்லை. சேலையை இறக்கிவிட்டேன். கட்டிலிலிருந்து நானாகவே இறங்கினேன். வலித்தது. வியானி கை கொடுத்தான். அதைத் தொடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

காரில் திரும்பும்போது துறைமுகச் சாலை லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. அங்கேதான் அவன் ஆரம்பித்தான்.

"ஒங்க நல்லதுக்குத்தாம்மா."

"எனக்கு நல்லது எதுன்னு நான் ஒங்கிட்ட சொன்னேன். ஒண்ணே ஒண்ணு சொன்னேன்."

"வீல்சேர்ல வர மாட்டேன், கல்யாணத்துக்கே வர மாட்டேன்னீங்க. ஜெல் பலிக்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு. ஆபரேஷனும் வேண்டாம்ங்கீங்க. ஒத்தப் பொண்ணு கல்யாணத்துல அம்மா எங்கன்னு சம்பந்தி வீட்டுல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"நான் பொய் சொல்லச் சொன்னேனா?"

"உண்மையச் சொன்னா கேட்டுருப்பீங்களா? ஒங்ககிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லி யாரும்மா ஜெயிச்சிருக்கா? டாடி ஜெயிச்சாரா?"

அவரை இதில் இழுக்க வேண்டாம் என்றேன். அவருக்குப் போட்ட மருந்தையே எனக்கும் போட்டிருக்கிறாய், அவர் முகத்தை நீயும்தான் பார்த்தாய் என்றேன். அவன் அழுதான். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தோரு வயது ஆண்பிள்ளை. சரக்கு ரயில் போய் முடிந்து கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று நான் சொன்னதை வைத்து அவன் செய்ததை நியாயப்படுத்த முடியாது. அது வேறு.

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. நான் போகவில்லை. மற்றவர்களும் போகவில்லை, அவரவர் அறையில் இருந்தார்கள்.

கேரளின் கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மாமி."

"எப்ப இருந்து?"

"முதல்லயே. வேண்டாம்னு சொன்னேன். அவங்க கேக்கல."

"அப்ப வெல்லம்னு நான் சொன்னப்ப வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

கஞ்சிக் கிண்ணத்தின் விளிம்பில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். அப்படித் துடைக்கக் கூடாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"சொன்னா நீங்க ஒங்க மகன்கிட்ட பேச மாட்டீங்க மாமி. அவங்களால அதைத் தாங்க முடியாது. எங்கிட்ட பேசாம இருந்தா எனக்குப் பழகுனதுதான்."

கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

இதற்குக் கீழே எழுத ஏதோ இருந்தது. எழுதவில்லை. பீரோவைத் திறந்து வெல்ல டப்பாவை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தேன். எறும்பு ஏறியிருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிட என்னால் முழந்தாளிட முடியவில்லை. பங்குச்சாமி சிலுவையை நாற்காலிக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்ப்புத் திருநாள். ஹில்டாவை நானே போனில் கூப்பிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும். என் வார்த்தையை நம்பி ஊசி போட்டுக்கொண்டவள்.

"எனக்குப் போட்டது ஜெல் இல்ல ஹில்டா. ஸ்டீராய்டு. எங்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏட்டி, அப்ப நீ கள்ள முட்டியிலயா சிலுவைப்பாதை பண்ணுன?"

போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அழுதியாட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அதான பாத்தேன்" என்றாள்.

அவள் சொன்ன வார்த்தை விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் நாள் முழுக்க அதுவே ஓடுகிறது. வலி என்பது முட்டி என்னிடம் பேசும் பேச்சு. அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். வாயைக் கட்டியது தெரியாமல் நான் அதை வெள்ளிக்கிழமை தோறும் பலகையில் வைத்து அழுத்தியிருக்கிறேன். பிப்ரவரி இரண்டாம் தேதி நான் அடைந்த சந்தோஷத்தை என்ன செய்வது? அதைக் கிழிக்க முடியாது, மையால் எழுதியிருக்கிறேன். ஆண்டவர் கொடுத்தார் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். கொடுத்தது வராந்தாவில் நின்று பேசிய இரண்டு ஆண்பிள்ளைகள்.

ஏப்ரல் 28, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

சக்கர நாற்காலியில் போனேன். நானேதான் வாடகைக்குக் கொண்டுவரச் சொன்னேன். வியானி முந்தாநாள் என் அறை வாசலில் வந்து நின்று, "ஒரே ஒரு ஊசிம்மா, இந்த ஒரு தடவை, நீங்களே சரின்னு சொல்லிப் போட்டுக்கலாம்லா" என்றான். "வீல்சேர் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டேன். இந்தப் பத்து நாளில் அவனிடம் நான் பேசியது அது ஒன்றுதான்.

கோயிலுக்குப் புறப்படும் முன்பு, வீட்டில் பெரியவர்கள் பெண்ணை ஆசீர்வதித்து நெற்றியில் சிலுவை போடுவது எங்கள் வழக்கம். ரெனிட்டா வெள்ளைச் சேலையோடு என் முன்னால் முழந்தாளிட்டாள். அவள் முட்டி சத்தமில்லாமல் மடங்கியது. குதிகாலில் உட்காராமல் நேராக நின்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நானாகத்தான் இருக்கும். சிலுவை போட்டேன். "கிரானி, அழாதீங்க, எனக்கு மேக்கப் போயிரும்" என்றாள். நான் அழவில்லை.

பெண்ணுக்குப் பிறகு, பெண்ணைப் பெற்றவர்களும் முழந்தாளிட வேண்டும். கேரளின் முழந்தாளிட்டாள். அவள் நெற்றியில் விரலை வைத்தபோது வியர்வையில் ஈரமாக இருந்தது. காலை மூன்று மணியிலிருந்து நிற்கிறாள். சிலுவையைப் போட்டுவிட்டு, கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் தலையில் வைத்திருந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ தப்பு செய்துவிட்டது போல.

பிறகு வியானி. கோட் போட்டிருந்தான். ஒரு முட்டியை வைத்து, பிறகு மற்றதை வைத்தான். வைக்கும்போது முகம் சுளித்தது. அவனுக்கும் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. அவன் அப்பா வழி இல்லை, என் வழி.

வீடியோக்காரன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, கொஞ்சம் குனிஞ்சு, சிரிச்சாப்ல" என்றான். சிலுவை போட்டேன். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள். எங்கும் விடவில்லை. சடங்கில் நான் குறை வைப்பதில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். வீடியோவில் ஜெபம் செய்வது போல விழுந்திருக்கும்.

சம்பந்தி அம்மாள் வந்து, "ஐயோ, உங்களுக்கு என்ன ஆச்சு, நல்லா நடந்தீங்களே" என்றார்.

"அது மருந்து நடந்தது" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

வேறு ஆஸ்பத்திரி. டாக்டர் ஆயிஷா என்று ஒரு பெண். சின்ன வயது, கண்ணாடி போட்டவர். கேரளினைத்தான் துணைக்கு வரச் சொன்னேன். கார் ஓட்ட ஆள் வேண்டுமே என்று வியானியும் வந்தான். பரிசோதனை அறை வாசலில் அவனும் உள்ளே நுழையப் பார்த்தான். "நீ இங்க இரு" என்று வராந்தா பெஞ்சைக் காட்டினேன். உட்கார்ந்தான்.

டாக்டர் புதிய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார். ஜெல் போடலாம், ஆனால் இந்த அளவு தேய்மானத்துக்கு அது கேட்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார். ஆபரேஷன்தான் சரியான வழி, கடைசியில் அங்கேதான் வர வேண்டியிருக்கும் என்றார்.

"நான் முழந்தாளிட முடியுமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஆபரேஷன் பண்ணுனாலும் கஷ்டம், பண்ணலன்னாலும் கஷ்டம். அது இனி இல்லன்னு வச்சுக்கோங்க." பிறகு, "சாரிம்மா" என்றார்.

இதைத்தான் ஜனவரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல எவ்வளவு கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது.

கேரளின் என் கையைப் பிடித்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆபரேஷனைப் பற்றி யோசிக்கிறேன், இன்றைக்கு ஜெல் போடுங்கள் என்றேன். பலன் இருக்காது என்று சொன்னேனே என்றார் டாக்டர். "தெரியும். ஜனவரியில நான் கேட்டது அது. அதைப் போட்டுட்டு அப்புறம் மத்ததைப் பேசுவோம்." அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

நர்ஸ் திரையை இழுக்க வந்தாள். வேண்டாம் என்றேன். சேலையை நானே முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டேன். ஜெபமாலையைக் கைப்பையிலேயே விட்டுவிட்டேன். ஊசிக்குழாயை வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். ஹில்டா சொன்னது சரி. கண்ணாடி போல இருந்தது, உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழ் நகராமல் நின்றது. மெதுவாகத்தான் இறங்கியது. ஹில்டா வலியைப் பற்றிச் சொன்னதும் சரி. கண்ணை எடுக்காமல் கடைசிச் சொட்டு வரை பார்த்தேன்.

வெளியே வந்தபோது வியானி எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான், கேரளினைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது.

"என்னம்மா சொன்னாங்க? என்ன ஊசி போட்டாங்க?"

"ஜெல்தான்" என்றேன்.

காது மடலைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. கேரளினின் தோளைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தேன்.